6. போனில் வரும் சீட்

பிளஸ் டூ முடிக்கும் ஒரு கால்பந்து வீரனுக்குக் கல்லூரி வாசல் திறக்க, நம் தாம்பரம் பக்கத்தில் பழகிப்போன ஒரு வரிசை உண்டு. மார்ச்சில் பொதுத் தேர்வு முடியும். ஏப்ரல், மே வெயிலில் ட்ரயல்ஸ் அறிவிப்பு வரும். பூட்ஸையும் சான்றிதழ் ஃபைலையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு பையன் மின்சார ரயில் ஏறுவான். உடற்கல்வி இயக்குநர் அவனை ஓடவிட்டு, பந்தைக் கொடுத்து, நாலு பேரோடு மோதவிட்டுப் பார்ப்பார். பிறகுதான் "அப்ளிகேஷன் போட்டுட்டியா தம்பி?" என்ற கேள்வி வரும். 2020 மார்ச்சில் இந்த வரிசை அறுந்தது. பிளஸ் டூ கடைசித் தேர்வு நடந்தது மார்ச் 24; மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. புறநகர் ரயில் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அக்டோபர் 5 அன்று மறுபடி ஓடத் தொடங்கியபோதும் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டுமே இடம். நடுவே, ஜூலை 16 அன்று தேர்வு முடிவு வந்துவிட்டது. வியாசர்பாடிப் பையன் தாம்பரம் வர வழியில்லை. தாம்பரத்துப் பையன் நுங்கம்பாக்கம் போக வழியில்லை. ஆனால் கல்லூரிகள் இடங்களை நிரப்பியாக வேண்டும், அணியும் சேர்த்தாக வேண்டும். மைதானம் பூட்டிக் கிடக்கும்போது தேர்வு செய்பவர் கையில் மிஞ்சுவது பள்ளி பி.டி. மாஸ்டரின் போன் நம்பர், சான்றிதழின் போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நிமிட வீடியோ, அவ்வளவுதான். இவற்றை நம்பி, ஆளைப் பார்க்காமலே, "உனக்கு சீட் வெச்சிருக்கேன், வேற எங்கயும் போகாதே" என்று சொல்லப்படும் வாக்குக்கு என்ன மதிப்பு, அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே இந்த அத்தியாயம்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கூட்டி வரும் வாக்கு பெரும்பாலும் சொல்பவரின் பயத்தைத்தான் தணிக்கிறது. ஜூன் மாதம் வந்தால் கோல்கீப்பர் இல்லாமல் நிற்க வேண்டுமே என்று அவருக்குக் கவலை. அதில் தப்பில்லை, அது அவர் வேலை. ஆனால் அந்தக் கவலையைத் தீர்க்க உங்கள் பிள்ளை மற்ற வாசல்களை எல்லாம் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை. வாக்கை மரியாதையோடு வாங்கிக்கொள்ளலாம், நன்றி சொல்லலாம், அந்தக் கல்லூரிக்கு முதல் ஆளாக விண்ணப்பமும் போடலாம். பணம் கட்டுவதும் டி.சி. கொடுப்பதும் வேறு விஷயம். வாக்கை வாங்கிக்கொள்வதையும் பணம் கட்டுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் வீடுகளில்தான் ஆகஸ்ட் மாதம் சண்டை நடக்கிறது.

வாக்கின் எடை, அது எந்த வாசலிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. முதல் வாசல் அரசு கலந்தாய்வு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. செங்கல்பட்டு ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் பொதுக் கலந்தாய்வு தொடங்குமுன் சிறப்புப் பிரிவுக்குத் தனி நாள் வைக்கிறார்கள். இங்கே சான்றிதழின் மட்டத்துக்குப் புள்ளி, புள்ளிக்குத் தரவரிசை, தரவரிசைக்கு இடம். எந்தக் கோச்சும் எந்தச் செயலாளரும் இதில் முன்பதிவு செய்து வைக்க முடியாது. "கவுன்சிலிங்ல உனக்கு வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவருக்கு விதி தெரியாது அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டாவது வாசல், தன்னாட்சி பெற்ற, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகள். 1937-இல் நகருக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வகையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர். இத்தகைய கல்லூரிகளில் உடற்கல்வித் துறை பரிந்துரை செய்யும். சேர்க்கைக் குழு முடிவு செய்யும். ஆகவே போனில் பேசுபவர் மனப்பூர்வமாகப் பேசினாலும், அவர் கையில் இருப்பது பரிந்துரை மட்டுமே. எந்தப் பாடப்பிரிவு என்பது பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. மூன்றாவது வாசல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பல்லாவரத்தில் வேல்ஸ், சேலையூரில் பாரத், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான் என்று தென்சென்னைப் புறநகரில் இவை அடுத்தடுத்து இருக்கின்றன. சுயநிதியில் நடக்கும் இத்தகைய நிறுவனத்தில் கட்டணச் சலுகையை நிர்வாகமே தீர்மானிக்கலாம் என்பதால், முன்கூட்டிச் சொல்லும் வாக்குக்கு உண்மையான பலம் இருக்கக்கூடியது இங்கேதான். ஆனால் அந்தப் பலத்துக்கு ஒரு விலையும் உண்டு. சலுகை முதல் ஆண்டுக்கா, படிப்பு முடியும்வரைக்குமா? கல்விக் கட்டணம் மட்டுமா, ஹாஸ்டல், மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தா? முட்டி பிசகி ஆறு மாதம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இல்லாவிட்டால், 'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லை முதல் ஆண்டுத் தள்ளுபடி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்க்காமல் அணி சேர்ப்பதில் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய அளவிலான ஒரு பாடம் அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது, நாம் உதைக்கும் பந்து அல்லாவிட்டாலும், ஒரு தனித் தொழில். பள்ளியில் இருக்கும்போதே பையன் இந்தக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று வாய்மொழியாக அறிவித்துவிடுவான். அந்த அறிவிப்பு அவனையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது. கையெழுத்துப் போடும் நாளும் 2017 முதல் டிசம்பருக்கே முன்னால் வந்துவிட்டது. 2020 மார்ச் 13 அன்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, தன் முதல் பிரிவுக் கல்லூரிகள் ஆள் சேர்க்க நடத்தும் நேர்முகச் சந்திப்புகள் அனைத்தையும் நிறுத்தியது. 2021 மே 31 வரை அந்தத் தடை நீடித்தது. பதினான்கு மாதங்களுக்கு மேல் எந்தக் கோச்சும் எந்தப் பையனையும் மைதானத்தில் போய்ப் பார்க்க முடியவில்லை. எந்தப் பையனும் கல்லூரியின் விருந்தினனாகப் போய்ப் பார்க்க முடியவில்லை. அந்த நிலையில் வாக்குகள் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக, 2020 வசந்த காலத்தில் வாய்மொழி அறிவிப்புகள் வழக்கத்தைவிட வேகமாகக் குவிந்தன. இடம் போய்விடுமோ என்ற பயம் இரு பக்கமும் வேலை செய்தது. அடுத்து, 2020 சீசனை யாருடைய கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று முடிவானது; ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. நல்ல முடிவுதான். ஆனால் மேலே இருப்பவன் ஓர் ஆண்டு கூட உட்கார்ந்தால் கீழே வருபவனுக்கு நாற்காலி ஏது? 2021 ஏப்ரலில், ஒருமுறை கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு வெளியே உட்காரத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியதும், பார்க்காமல் சேர்ந்த இடத்தை விட்டுக் கிளம்பும் வழி அகலமாகத் திறந்தது. அங்கே தப்பான முடிவைத் திருத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. நம் ஊரில் மூன்றாண்டு பட்டப்படிப்பில் முதல் ஆண்டு தப்பாகச் சேர்ந்தவன் மாறுவது என்பது பெரும்பாலும் ஓர் ஆண்டை இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுதான். திருத்த வழி குறைவாக இருக்கும் இடத்தில் அவசரத்தின் விலை அதிகம்.

ஊரடங்கு இன்னொரு வேலையும் செய்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புதிய போட்டி நடக்காதபோது பழைய சாதனைதான் பேசும். 2021-இல் பிளஸ் டூ பொதுத் தேர்வையே ரத்து செய்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 என்று கணக்குப் போட்டார்கள். படிப்பில் நடந்தது விளையாட்டிலும் நடந்தது. அந்த ஆண்டு வெளியே வந்த மாணவனின் ஃபைலில் கனமான சான்றிதழ் எல்லாம் பிளஸ் ஒன் அல்லது அதற்கு முந்தைய வகுப்புக்காலத்தவை. பதினான்கு வயதில் திடீரென்று உயர்ந்து, தோள் அகன்று, மாவட்ட அணியில் இடம்பிடித்தவனுக்கு இது சாதகம். பதினாறு வயதுக்குப் பிறகு உடம்பு தேறி, வேகம் கூடியவனுக்குக் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. கால்பந்தில் இப்படித் தாமதமாகத் தேறும் பிள்ளைகள் உண்டு, குறிப்பாக டிஃபெண்டர்களும் கோல்கீப்பர்களும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: பிள்ளை சீக்கிரம் வளர்ந்தவன், சாதனை முழுக்கப் பழையது, இப்போது மற்றவர்கள் அவனை எட்டிப்பிடித்துவிட்டார்கள் என்று வீட்டிலேயே தெரிந்தால், முன்கூட்டி வந்த நல்ல வாக்கை, எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தாமதமாகத் தேறியவன் என்றால் காத்திருக்க வேண்டும். மைதானம் திறந்த பிறகு அவன் மதிப்பு ஏறும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அறிவுரை சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டியது காகிதம். ஒரு சான்றிதழை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இனிஷியல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா? பிறந்த தேதி? குறுவட்டமா, மாவட்டமா, மாநிலமா என்பது அச்சில் தெளிவாக இருக்கிறதா, அல்லது பேனாவால் எழுதியதா? பங்கேற்பா, இடம் பெற்றதா? கையெழுத்துக்கு மேல் முத்திரை விழுந்திருக்கிறதா? குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, பள்ளிக் கல்வித் துறை நடத்தியது, மாவட்டக் கால்பந்துக் கழகம் நடத்தியது, ஏதோ ஒரு கிளப் கோப்பைக்காக நடத்தியது எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பாக இருக்கும். கலந்தாய்வில் ஒரே மதிப்பு அல்ல. நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வேறு. தாம்பரமும் பல்லாவரமும் 2019 நவம்பர் 29 வரை காஞ்சிபுரம் மாவட்டம். அன்றிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். அஞ்சல் குறியீடோ மேற்கு தாம்பரத்துக்கு 600045, கிழக்குக்கு 600059, இரண்டுமே சென்னை. ஊரடங்குக் காலத்தில் பிளஸ் டூ முடித்த ஒரே பையனின் ஃபைலில் காஞ்சிபுரம் அணிச் சான்றிதழும் செங்கல்பட்டு அணிச் சான்றிதழும் சென்னை முகவரியும் சேர்ந்திருந்தால், சரிபார்க்கும் மேசையில் புருவம் உயரும். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் படித்த ஆண்டுகளைக் குறிப்பிட்டு ஒரு போனஃபைடு வாங்கி மேலே வைத்துவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பள்ளி மூடும் நிலை வந்தபின் இதற்காக அலைவது வீண். நடந்துகொண்டிருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

வீடியோவும் அப்படித்தான். கோல் அடித்ததை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் சினிமாப் பாட்டு போட்டு அனுப்புவதைப் பார்க்கும் உடற்கல்வி இயக்குநருக்கு ஒன்றுதான் தெரியும்: பையனிடம் எடிட்டிங் ஆப் இருக்கிறது. அவருக்கு வேண்டியது பந்து இல்லாத நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், பந்தைப் பறிகொடுத்த பிறகு திரும்பி ஓடுகிறீர்களா, இடது காலால் என்ன செய்கிறீர்கள் என்பது. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, மாடியிலோ படிக்கட்டிலோ உயரமாக நின்று, ஒரு முழுப் பாதியை வெட்டாமல் எடுக்க வேண்டும். ஜெர்ஸி எண், எதிரணி, தேதி மூன்றையும் தொடக்கத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். இப்படி ஒரு பதிவு ஆண்டுக்கு இரண்டு இருந்தால் போதும், மைதானம் பூட்டிய நாளில் நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது: "நாம யோசிச்சுக்கிட்டு இருந்தா அந்த இடத்தை வேற ஒருத்தன் தட்டிக்கிட்டுப் போயிடுவான்." உண்மை, போகலாம். அணியில் கோல்கீப்பர் இடம் ஒன்றோ இரண்டோதான். ஆனால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் வாசலில் யாரும் தட்டிக்கொண்டு போக முடியாது, அங்கே தரவரிசைதான். இரண்டாவது வாசலில் பரிந்துரை மாறலாம், ஆனால் விண்ணப்பத்தை உரிய நாளில் போட்டவனும் ட்ரயல்ஸுக்கு வந்தவனும் கணக்கிலிருந்து விழுவதில்லை. இழப்பு நிஜமாக வரக்கூடியது மூன்றாவது வாசலில்தான். அங்கேயும் "எழுதிக் கொடுங்க சார், நாளைக்கே வர்றோம்" என்று சொல்வதால் போகும் இடம், எழுதிக் கொடுக்க முடியாத இடம். அது முதலிலேயே உங்களுடையதாக இல்லை. நியாயமாகப் பேசினால், என் வாதம் தோற்கும் ஒரு நிலையும் உண்டு. வீட்டில் பண வசதி இல்லை, மதிப்பெண் குறைவு, ஒரே ஒரு கல்லூரிதான் ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்துத் தர எழுத்தில் ஒப்புக்கொள்கிறது என்றால், காத்திருப்பது ஆடம்பரம். போய்ச் சேருங்கள்.

அடுத்தது நன்றியுணர்ச்சி பற்றியது. "பி.டி. சார் ஆறாம் வகுப்பிலிருந்து வளர்த்தவர், அவர் கைகாட்டும் இடத்துக்குப் போகாமல் இருந்தால் துரோகம்" என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். பயிற்சி தந்தவரின் சொல்லுக்கு எடை உண்டு. பையனின் விளையாட்டு அவருக்குத்தான் தெரியும். பாடப்பிரிவு அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கணக்கில் தடுமாறும் பையனை பி.எஸ்சி. கணிதத்தில் சேர்த்துவிட்டால், அரியர் விழும்; அரியரோடும் வருகைப்பதிவோடும் மல்லுக்கட்டுபவன் பல்கலைக்கழகப் போட்டிக்கு எப்படி நிம்மதியாகக் கிளம்புவான்? உடற்கல்வியையே படிப்பாக எடுக்க விரும்புகிறவனுக்கு மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரிலிருந்து ஒரு பஸ் தூரம், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இலிருந்து இருக்கிறது. "சார், நீங்க சொன்ன காலேஜுக்கும் போட்டிருக்கோம், எந்த குரூப் கிடைக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றோம்" என்று சொன்னால் எந்த நல்ல ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொரோனா முடிந்த கதை, இப்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கலாம். 2020 பிப்ரவரி, மார்ச்சில் புவனேஸ்வரத்தில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் அடுத்த பதிப்பு, பெங்களூரில், 2022 ஏப்ரலில்தான் நடந்தது. 2019-20 சந்தோஷ் டிராபி இறுதிச்சுற்று நடக்கவே இல்லை. அடுத்த இறுதிச்சுற்று 2022-இல் மலப்புறத்தில். 2019-இல் பி.ஏ. சேர்ந்து 2022-இல் வெளியே வந்தவனின் கல்லூரி வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் மாட்டியது. அப்படி ஒரு மூடல் மறுபடி வராது என்றே வைத்துக்கொள்வோம். சின்ன மூடல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கல்லூரிகள் மறுபடி மூடப்பட்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். மைதானத்தைப் பற்றி யார் பேசுவது? போட்டிகள் நெருக்கமாக வரும் பருவத்தில்தான் நமக்கு மழையும் வருகிறது. ஆளைப் பார்க்காமலே அணிக்கு எடுக்கும் பழக்கமும், ஒருமுறை வந்தபின், வசதியாக இருப்பதால் நிலைத்துவிடும்.

கடைசியாகப் பணம். அவசரப்பட்டுக் கட்டிவிட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும். பிடித்தம் 5 சதவீதத்துக்குள், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிந்தைய 15 நாட்களுக்குள் 80, 30 நாட்களுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2020-இல் குழு இன்னும் இறங்கிவந்து, நவம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும் தர வேண்டும் என்றது; 2021-இல் அந்தத் தேதி அக்டோபர் 31. அந்த இரண்டு சலுகைத் தேதிகளும் முடிந்துவிட்டன; 2018 அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் சேரும் ஆண்டுக்குக் குழு தனி அறிவிப்பு தந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விண்ணப்பத்தோடு அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவோ, சரிபார்த்த பின் பிடித்து வைத்துக்கொள்ளவோ கூடாது என்றும் 2018 அறிவிப்பு சொல்கிறது. விளையாட்டுச் சான்றிதழின் அசலையும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலில் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுங்கள். நடைமுறையில் உங்களைக் கட்டிப்போடுவது டி.சி. ஒன்றுதான். பாடப்பிரிவும் சலுகையும் எழுத்தில் வரும்வரை அது உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.